கெட்டிஸ்பர்க் களமும் அதன் தொண்டர்களும்

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசித் துப்பாக்கி ஓய்ந்த இடத்திலேயே தங்கள் கதையையும் முடித்துவிடுகிறார்கள். எந்தத் தளபதி எந்தக் குன்றைப் பிடித்தார், எந்தப் படை எந்த நாழிகையில் பின்வாங்கியது என்பதெல்லாம் நுணுக்கமாக எழுதப்படும். படைகள் புறப்பட்டுப் போன மறுநாள் காலையில் அந்த நிலத்தில் கிடந்தவர்களுக்கு யார் குழி வெட்டினார்கள், முறிந்துபோன வேலிகளை யார் மறுபடி கட்டினார்கள், பல தலைமுறைகள் கடந்த பின்னும் இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று அடையாளம் சொல்லும்படி அந்தக் களத்தை யார் காத்தார்கள் என்ற கேள்விகளுக்கு மட்டும் விடை கிடைப்பது அரிது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தின் தென் எல்லையை ஒட்டியுள்ள கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், 1863ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் மூன்று நாட்களில் அங்கே நடந்த போரைக் காட்டிலும், அதன் பிறகு நூற்றறுபது ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவரும் இந்தக் காவற்பணியே என் மனத்தை அதிகமாகக் கவர்ந்திருக்கிறது.

போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடிமை முறையைக் காக்க விரும்பிப் பிரிந்துபோன தென்மாகாணங்களின் படை, தளபதி ராபர்ட் லீயின் தலைமையில் வடக்கே புகுந்தது. அதை ஜார்ஜ் மீட் என்ற தளபதியின் தலைமையில் வடவர் படை கெட்டிஸ்பர்க்கில் எதிர்கொண்டது. மூன்று நாள் போரில் மாண்டவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர் கணக்கிடப்பட்டார்கள். தோற்ற படை தெற்கே திரும்பியது. வென்ற படையும் அதைத் தொடர்ந்து சென்றுவிட்டது. சுமார் 2,400 ஜனங்கள் வாழ்ந்த ஓர் ஊரின் கையில், இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களும், ஆயிரக்கணக்கான பிரேதங்களும், இறந்த குதிரைகளும் விடப்பட்டன. மீட்டின் படையிலிருந்து 106 வைத்தியர்கள் மட்டுமே அங்கே தங்க வைக்கப்பட்டார்கள். ஜூலை மாதத்து வெயிலும் மழையும் மாறி மாறி அந்த வயல்களின்மேல் இறங்கின.

அந்த நாட்களில் முதலில் மண்வெட்டியை எடுத்த கைகளுள் ஒன்று எலிசபெத் தார்ன் என்ற பெண்மணியினுடையது. எவர்கிரீன் என்ற பெயர் கொண்ட ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் காவல் பொறுப்பு அவருடைய கணவருடையது. கணவர் வடவர் படையில் சேர்ந்து வேறிடத்தில் இருந்தபடியால் அந்தப் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. முதிய தந்தையின் துணையோடு அவர் அந்தக் கோடையில் நூற்றுக்கும் மேற்பட்ட குழிகளை வெட்டிப் பிரேதங்களை அடக்கம் செய்தார். வீட்டில் இருந்த பொருள்களையெல்லாம் போரிலே இழந்துவிட்டு, உடலும் தளர்ந்த நிலையில் செய்த வேலை அது. போர் முடிந்து நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டில், அவருக்கு அதே தோட்டத்தில் சிலை வைத்தார்கள். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி மண்வெட்டியோடு நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணின் வடிவம் அது. தளபதிகள் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அந்த ஊரில் அந்த ஒரு சிலை இல்லாதிருந்தால், கதையில் பாதி சொல்லப்படாமலே போயிருக்கும்.

பிறகு நாலா திசைகளிலிருந்தும் இரக்கம் திரண்டு வந்தது. சுமார் பத்து மைல் தூரத்திலிருந்த எம்மிட்ஸ்பர்க் மடத்திலிருந்து கன்னியாஸ்திரீகள் மருந்தும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சுகாதாரக் குழுவினரும் கிறிஸ்தவ சேவைக் குழுவினரும் உணவு வண்டிகளோடு வந்தார்கள். மகனைத் தேடித் தாயும், கணவனைத் தேடி மனைவியும் வந்தார்கள். அவர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும், துப்பாக்கியையும் வாளையும் பொறுக்கிச் செல்ல வந்தவர்களும் கலந்துகொண்டார்கள். தேவாலயங்களும் பள்ளிகளும் வீடுகளும் தானியக் களஞ்சியங்களுமாக நூற்றுக்கும் அதிகமான இடங்களில் நோயாளிகள் கிடந்தார்கள். ஓரிடத்தில் ரொட்டி மிஞ்சியது. அடுத்த இடத்தில் தண்ணீர்கூட இல்லை. நீர் எவ்வளவு பெருகி வந்தாலும் வாய்க்கால் வெட்டப்படாத வயலுக்கு அதனால் பயனில்லை என்பதை உழவர் நாட்டில் பிறந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கெட்டிஸ்பர்க்கில் அந்த வாய்க்காலை வெட்டுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன. ஊருக்குக் கிழக்கே ரயில் பாதையருகில் கூடாரங்களை வரிசையாக அமைத்து, லெட்டர்மன் முகாம் என்ற பெரிய மருத்துவமனையை நிறுவி, சிதறிக் கிடந்தவர்களை அங்கே கொண்டு சேர்த்த பின்னரே, வந்த உதவி வேண்டியவர்க்கு வேண்டிய அளவில் போய்ச் சேர்ந்தது. களத்தில் பொருள் திருடிய வேடிக்கைக்காரர்களைக் காவற்படையினர் பிடித்து, இறந்த குதிரைகளைப் புதைக்கும் வேலையில் ஈடுபடுத்தினார்கள்.

அவசர அவசரமாகத் தோண்டிய ஆழமற்ற குழிகள் மழையில் கரைந்தபோது, ஊரின் இளம் வழக்கறிஞர் டேவிட் வில்ஸ், மாகாண ஆளுநர் ஆண்ட்ரூ கர்ட்டினின் பிரதிநிதியாக நின்று, 17 ஏக்கர் நிலத்தை வாங்கி, வடவர் படையின் வீரர்களுக்கென்று தனியாக ஒரு கல்லறைத் தோட்டம் அமைக்க ஏற்பாடு செய்தார். அதன் அமைப்பை வரைந்து கொடுத்த வில்லியம் சாண்டர்ஸ், அரைவட்ட வரிசைகளில், அதிகாரி என்றும் சாதாரணச் சிப்பாய் என்றும் வித்தியாசம் பாராமல், எல்லோருக்கும் ஒரே தரமான இடத்தை வகுத்தார். களத்திலிருந்து பிரேதங்களைத் தோண்டி எடுத்து அங்கே கொண்டுவரும் வேலை, உடல் ஒன்றுக்கு 1 டாலர் 59 சென்ட் என்று ஒப்பந்தம் செய்யப்பட்டது. அந்த வேலையை மேற்பார்வையிட்டவர் சாமுவேல் வீவர். தோண்டும் பொறுப்பை ஏற்றவர் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயி.

இவ்விருவரையும் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பிக்ஸ், தம் குழந்தைகள் கல்வி பெற வேண்டும் என்பதற்காக, அடிமை முறை நிலவிய மேரிலாந்தை விட்டு 1858இல் கெட்டிஸ்பர்க்கிற்குக் குடிபெயர்ந்தவர். கால்நடை வைத்தியமும் அறிந்தவர். தென்னவர் படை வந்தபோது, பிடிபட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக விற்பதற்குத் தெற்கே ஓட்டிச் சென்றார்கள் ஆகையால், அவரும் குடும்பத்தாரும் ஊரை விட்டு ஓடித் தப்ப வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பயிரும் கால்நடைகளும் போயிருந்தன. அந்த நிலையில் அவர் தம் இனத்துத் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு, 1863 அக்டோபர் கடைசியிலிருந்து 1864 மார்ச் வரை, அந்தக் கோரமான வேலையைச் செய்து முடித்தார். வீவரோ ஒவ்வொரு குழி திறக்கப்படும்போதும் அருகிலே நின்றார். இரும்புக் கொக்கியால் சட்டைப் பைகளைத் துழாவி, கடிதமோ வேதப்புத்தகமோ சீப்போ எது கிடைத்தாலும் குறித்துக்கொண்டார். உடையையும் காலணியையும் பார்த்து எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று நிதானித்தார். பெயர் தெரிந்தால் பெயரை எழுதினார். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதினார். அவருடைய கணக்கில் 3,354 உடல்கள் வந்தன. மாசசூசெட்ஸ் மாகாணத்தார் தனியே ஏற்பாடு செய்து கொண்டுவந்த 158 உடல்களையும் சேர்த்தால் 3,512. அவர்களுள் அடையாளம் ஏதும் அறியப்படாதவர்கள் 979 பேர். அவர்களுடைய இடங்களில் எண் பொறித்த சிறு சலவைக் கற்கள் மட்டும் நிற்கின்றன.

இது கூலிக்குச் செய்த வேலைதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், கூலிக்குச் செய்ததுதான். ஆனால் இறந்த ஒருவனின் சட்டைப் பையிலிருந்த சீப்பைக் குறித்து வைக்க வேண்டும் என்ற சிரத்தையை எந்த ஒப்பந்தத்தாலும் விலைக்கு வாங்கிவிட முடியாது. இரக்கம் எல்லோருக்கும் வரும்; அந்த இரக்கத்தை ஒரு பேரேட்டில் வரிசையாக எழுதி, இன்னாருக்கு இன்ன இடம் என்று நிலைநிறுத்தும் பொறுமை சிலருக்கே வாய்க்கும். கெட்டிஸ்பர்க்கின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் இந்தப் பொறுமையின் சரித்திரம் என்றே நான் கருதுகிறேன். தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1863 நவம்பர் 19ஆம் தேதி, ஆபிரகாம் லிங்கன் அந்தத் தோட்டத்தில் சில நிமிஷங்கள் மட்டும் பேசி, உலகம் மறக்காத ஓர் உரையை விட்டுச் சென்றார். அதன் பின்னும் பிக்ஸின் ஆட்கள் மண்வெட்டியோடு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கல்லறைகள் ஒருபுறம் இருக்க, களத்தையே காக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்த ஊரிலேதான் பிறந்தது. டேவிட் மெக்கானகி என்ற மற்றொரு வழக்கறிஞர், போர் முடிந்த சில வாரங்களுக்குள்ளாகவே, கடும்போர் நடந்த குன்றுகளின் பகுதிகளைத் தம் பொறுப்பில் வாங்கத் தொடங்கினார். 1864 ஏப்ரல் 30ஆம் தேதி, ‘கெட்டிஸ்பர்க் போர்க்கள நினைவுச் சங்கம்’ மாகாணச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. உள்நாட்டுப் போர் இன்னும் ஓராண்டு நடக்கவிருந்தது. யார் வெல்வார்கள் என்பதுகூட நிச்சயமில்லை. அந்த வேளையில் ஒரு சிற்றூரின் பிரஜைகள் கூடி, இந்த நிலத்தின் இயற்கை அரண்களையும் சிப்பாய்கள் எழுப்பிய தடுப்புகளையும் போர் நடந்த சமயத்தில் இருந்தபடியே காப்போம் என்று உறுதி பூண்டார்கள். ‘இருந்தபடியே’ என்ற அந்த ஒரு சொல் இன்றளவும் அங்கே வேலை செய்கிற ஒவ்வொரு தொண்டருக்கும் கட்டளையாக நிற்கிறது.

சங்கத்தின் பணியைச் செழுமைப்படுத்தியவர் ஜான் பாச்சல்டர். சித்திரக்காரராகப் போர் முடிந்த சில நாட்களில் வந்து சேர்ந்த அவர், 84 நாட்கள் அந்த வயல்களில் நடந்து, காயம்பட்ட வீரர்களை விசாரித்து, எந்தப் படை எங்கே நின்றது என்று வரைபடம் எழுதினார். பல ஆண்டுகள் கழித்து, பேசில் பிக்ஸ் தமக்குச் சொந்தமாகிவிட்ட நிலத்தில் ஒரு சிறு மரக்கூட்டத்தை வெட்டத் தொடங்கியபோது, மூன்றாம் நாள் தாக்குதலில் தென்னவர் படை குறியாகக் கொண்டு வந்தது அந்த மரங்களைத்தான் என்று பாச்சல்டர் எடுத்துச் சொல்லித் தடுத்தார். நிலம் 1881இல் சங்கத்துக்கு வந்தது, மரங்கள் பிழைத்தன. அடக்கம் செய்த கையும் வரைபடம் எழுதிய கையும் ஒரு மரத்தடியில் சந்தித்து, அதைக் காக்கச் சம்மதித்த அந்தக் காட்சியைப் போல அந்த ஊரின் சரித்திரத்தில் என் மனத்துக்கு இனியது வேறில்லை.

போர் முடிந்து இருபது ஆண்டுகள் ஆனபோது முதுமையை நெருங்கிய வீரர்கள் நினைவுக்கல் நாட்ட வந்தார்கள். நடுகல் நட்ட மரபில் வந்த நமக்கு அவர்களுடைய ஆவல் எளிதில் விளங்கும். ஆனால் ஒவ்வொரு படையாரும் தம் கல் எல்லோருக்கும் முன்னே நிற்க வேண்டும் என்று விரும்பினால் களம் என்ன ஆகும்? ஆகவே சங்கத்தார், படை தன் வரிசையில் நின்று போரிட்ட இடத்திலேயே கல் நாட்டப்பட வேண்டும் என்று 1887இல் விதி செய்தார்கள். பென்சில்வேனியாவின் 72ஆம் படையார் அதை ஏற்காமல் நீதிமன்றம் வரை சென்று, 1891இல் தாங்கள் கேட்ட முன்னிடத்தைப் பெற்றார்கள். அன்பினால் ஒரு காரியத்துக்கு வருகிறவர்களுக்குள்தான் பிணக்கு கூர்மையாக எழும்; அதைத் தீர்க்க, யாருக்கும் பொதுவான ஒரு விதி முன்கூட்டியே வேண்டும். தொண்டர்களை நடத்துகிறவர் எவரும் மறக்கக்கூடாத பாடம் இது.

பிறகு ஊர்ச்சங்கத்தின் சக்திக்கு மீறிய ஆபத்துகள் வந்தன. 1893இல் மின்சார டிராம் கம்பெனியொன்று களத்தின் பாறைகளை உடைத்துத் தண்டவாளம் போட்டது. போரிலே ஒரு காலை இழந்த தளபதியும், பின்னர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவருமான டேனியல் சிக்கிள்ஸ் கொண்டுவந்த மசோதா 1895 பிப்ரவரியில் சட்டமாகி, களம் தேசத்தின் உடைமையாயிற்று. சங்கம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்தையும் முந்நூறுக்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்களையும் அரசின் யுத்த இலாகாவிடம் ஒப்படைத்தது. போர்க்களத்தைக் காப்பது பொதுநன்மையே, அதற்காக அரசு நிலத்தைக் கையகப்படுத்தலாம் என்று டிராம் கம்பெனியின் வழக்கில் தலைமை நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. ஓர் ஊராரின் நேர்த்திக்கடன் போலத் தொடங்கிய காரியம் நாட்டின் சட்டமாக முதிர்ந்தது.

இந்தப் பெருமைகளுக்கு நடுவே விட்டுப்போனவற்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வடவருக்கு மட்டுமே வகுக்கப்பட்டிருந்தது. தென்னவரின் உடல்கள் எட்டாண்டுகள் வயல்களிலேயே கிடந்தன. தென்னாட்டு மகளிர் சங்கங்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க, சாமுவேல் வீவரின் மகனும் உடற்கூறு ஆசிரியருமான ரூஃபஸ் வீவர், இறந்துபோன தந்தையின் குறிப்புகளைத் துணைகொண்டு, 1871 முதல் 1873 வரை 3,320 உடல்களை எடுத்துத் தெற்கே அனுப்பினார். அதற்குரிய பணம் அவருக்கு முழுமையாக வந்து சேரவேயில்லை. ஆயினும் வேலையைக் குறையாக விடவில்லை. வடவர் படையில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்கோ பெரும்பாலும் தேசியத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர்களுக்காக ஊரின் கறுப்பின மக்கள் ‘நல்லெண்ணப் புதல்வர்’ என்ற தங்கள் சங்கத்தின் மூலம் 1867இல் ஒரு கல்லறைத் தோட்டத்தை வாங்கினார்கள். லிங்கன் தோட்டம் என்று இன்று வழங்கும் அந்த இடத்தில்தான் பேசில் பிக்ஸும் அடங்கியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோருக்கு மதிப்பான இடம் தேடிக் கொடுத்தவருடைய இனத்தார், தங்களுக்கான இடத்தைத் தாங்களே தேடிக்கொள்ள நேர்ந்தது.

1913ஆம் ஆண்டில், போரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு, இரு தரப்பையும் சேர்ந்த 53,000க்கும் மேற்பட்ட முதிய வீரர்கள் கடுங்கோடையில் அங்கே கூடினார்கள். அவர்களைக் கைபிடித்துக் கூடாரங்களுக்கு அழைத்துப் போகவும், செய்தி கொண்டு செல்லவும், தண்ணீர் கொடுக்கவும் சாரணச் சிறுவர்கள் நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்காவில் சாரணர் இயக்கம் தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கிழவர்களின் கையைப் பற்றி நடந்த சிறுவர்கள் வளர்ந்து ஆளானபோது, களம் 1933இல் தேசியப் பூங்காத் துறையின் கீழ் வந்தது. நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய அந்தக் காலத்தில், அரசு அமைத்த முகாம்களில் தங்கிய கறுப்பின இளைஞர்கள் அங்கே சாலைகளையும் தோப்புகளையும் செப்பனிட்டார்கள்.

1970இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தேசியப் பூங்காக்களில் பொதுமக்கள் ஊதியமின்றித் தொண்டு செய்வதற்கு முறையான வழியை வகுத்தது. 1989இல் கெட்டிஸ்பர்க்கிற்கென்றே ஒரு நண்பர்கள் சங்கம் தோன்றியது. 2006இல் அது மற்றோர் அறநிலையத்தோடு இணைந்து கெட்டிஸ்பர்க் ஃபவுண்டேஷன் ஆயிற்று. இன்று சுமார் 6,000 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அந்தப் பூங்காவில் 1,300க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. ஒரு குடும்பமோ, பள்ளி மாணவர் குழுவோ, சாரணர் படையோ, களத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தத்தெடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வந்து களை பிடுங்கி, குப்பை பொறுக்கி, புதரை ஒதுக்கும் ஏற்பாடு அங்கே நடைமுறையில் இருக்கிறது. தன் முன்னோர் நின்று போரிட்ட இடத்தை நாடி வருகிறவர்களும் உண்டு. எந்த உறவும் இல்லாமல், ஏதோ ஒரு படையின் கதையைப் படித்து மனம் நெகிழ்ந்து வருகிறவர்களும் உண்டு.

இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்கிறவரின் வேலையை எளிதாக எண்ணிவிடலாகாது. காலையில் வந்து நிற்கும் கூட்டத்தில் பத்து வயதுச் சிறுவனும் இருப்பான், எழுபது வயது ஓய்வூதியக்காரரும் இருப்பார். யாருக்கு வாச்சியைக் கொடுப்பது, யாரைக் குப்பைப் பை தூக்கச் சொல்வது என்று முகத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். புல்லில் உண்ணிகள் உண்டு, தொட்டால் கொப்பளிக்கும் கொடிகள் உண்டு. அவற்றை முன்னரே எச்சரிக்க வேண்டும். மண்ணிலிருந்து ஒரு குண்டோ பொத்தானோ தென்பட்டால் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்று கற்பிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஆர்வத்தை அடக்கச் சொல்வது. பாசி படிந்த வெண்கலச் சிலையைக் கண்டதும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கத் தோன்றும். அப்படித் தேய்த்தால் சிலையின் மேற்பூச்சே அழிந்துபோகும். அந்த வேலை பயிற்சி பெற்ற கைவினைஞருக்கு உரியது. செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்வதற்கு உற்சாகம் போதும். செய்யக்கூடாததைச் செய்யாதிருக்கும்படி, வந்தவர் மனம் நோகாமல் சொல்வதற்கு ஞானம் வேண்டும்.

அந்தத் தொண்டர்கள் செய்யும் வேலைகளுள் வேலி கட்டுவதைப் பற்றித் தனியே சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தப் பகுதி விவசாயிகள் பிளந்த மரக்கட்டைகளை ஆணியின்றி, ஒன்றின் நுனிமேல் மற்றொன்றின் நுனி பொருந்தும்படி, பாம்பு நெளிவதுபோல் வளைத்து வளைத்து அடுக்கி வேலி அமைத்தார்கள். சிப்பாய்கள் அவற்றைப் பிரித்து அடுப்பு எரித்தார்கள், தடுப்பாக அடுக்கினார்கள். எந்த வயலுக்கு எங்கே வேலி இருந்தது என்பது போரின் போக்கையே விளக்குவது; வேலியில் தடைப்பட்டு நின்ற கணத்தில்தான் பலர் சுடப்பட்டார்கள். ஆதலால் பழைய வரைபடங்களைப் பார்த்து, அதே இடத்தில், அதே முறையில் மறுபடி வேலி அமைக்கப்படுகிறது. ஒரு கட்டையின் இரு நுனிகளையும் இருவர் தூக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் இறக்காவிட்டால் அடுக்கு சரியும். பேசிப் பழகாத இருவரை அந்தக் கட்டை அரை மணி நேரத்தில் தோழர்களாக்கிவிடும். போரில் அழிந்துபோன பழத்தோட்டங்களும் இவ்வாறே பழைய இடங்களில் நடப்பட்டிருக்கின்றன. காய்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தே அந்தக் கன்றுகளை நட்டார்கள்.

அன்றைய வேலை முடிந்ததும் ஒருங்கிணைப்பவர் பதிவேட்டைத் திறந்து, வந்தவர் பெயரையும் உழைத்த மணி நேரத்தையும் எழுதுகிறார். அந்தப் பதிவேட்டைப் பற்றி நினைக்கும்போது எனக்குச் சாமுவேல் வீவரின் குறிப்புப் புத்தகமே கண்முன் வருகிறது. ஒன்றில் இறந்தவர்களின் பெயர்கள், மற்றொன்றில் அவர்களுக்காக உழைக்க வந்த உயிருள்ளவர்களின் பெயர்கள். இரண்டையும் எழுதவைத்தது ஒரே சிரத்தைதான்.

நம் நாட்டில் கார்த்திகை பிறக்கும் அந்த நவம்பர் நாட்களில், லிங்கன் பேசிய தினத்தை ஒட்டிய ஒரு மாலையில், தேசியக் கல்லறைத் தோட்டத்தில் தொண்டர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் ஒரு விளக்கு வைக்கப்படுகிறது. அவை மொத்தம் 3,512. மாண்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்படுகின்றன. பெயரில்லாமல் எண் மட்டும் பொறித்த சிறு கற்களின் முன்னும் குனிந்து ஒருவர் திரியை ஏற்றுகிறார். அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று அவர் அறிந்திருக்கலாம், அறியாமலும் இருக்கலாம். ஒரு குளிர்காலம் முழுவதும் குழியருகில் நின்று, ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று எண்ணி எழுதிய மனிதரின் கணக்கே அந்த இரவில் விளக்குகளாக எரிகிறது.